விளக்கில் திரி இல்லை: இலச்சினை மறுவடிவமைப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், இலச்சினை மறுவடிவமைப்புக்கென அமைக்கப்பட்டுள்ள குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் பேராசிரியன் அல்லன். கலை வரலாறு படித்தவனும் அல்லன். நம் பல்கலைக்கழகத்தின் சான்றிதழ்ப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பட்டச் சான்றிதழ்களின் கீழ் மூலையில் புடைப்பு முத்திரை அழுத்துவது என் வேலைகளுள் ஒன்று. இரும்புக் கைப்பிடியை இழுத்து அழுத்தும்போது தாளில் எழும்பி நிற்கும் அந்த வட்டத்தை எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் முதன்முதலாகக் கூர்ந்து நோக்கியது, பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்து, சான்றிதழ் வாங்க வந்த ஒரு மாணவி முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த விளக்கில் திரியே இல்லையே, எப்படி எரிகிறது?" என்று கேட்ட அன்றுதான்.

அவர் போன பிறகு அச்சையே கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடப்பக்கம் ஒரு விளக்கு. வலப்பக்கம் விரித்து வைத்த புத்தகம். சுடர் விளக்கின் மேல் இல்லை. புத்தகத்தின் இரு பக்கங்களும் சேரும் நடுப்பள்ளத்திலிருந்து அது எழுகிறது. விளக்கு எரியாமல் பக்கத்தில் காத்திருக்கிறது. நம் கடிதத் தாள்களிலும் பேருந்துகளிலும் நுழைவாயில் வளைவிலும் இருப்பதோ வேறு படம்: அவற்றில் சுடர் விளக்கின் மூக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அச்சிலிருந்து பிளாக் எடுத்தவர், பிளாக்கிலிருந்து ஸ்டென்சில் வெட்டியவர், ஸ்டென்சில் பிரதியிலிருந்து கணினியில் கோடு இழுத்தவர் என்று கை மாறி மாறி வந்ததில், ஒவ்வொருவரும் தமக்கு முறை என்று பட்டதைத் திருத்தியிருக்கிறார்கள். சுடர் என்றால் விளக்கில்தானே இருக்க வேண்டும்? அதற்குப் பின் வந்த ஒவ்வொரு மலரிலும் "அறிவொளி பரப்பும் விளக்கு" என்று ஒரு வரி விளக்கமும் சேர்ந்துகொண்டது. பழைய கோப்புகளைத் தேடினேன். அச்சுச் செய்த கூலிக்கான ரசீது இருந்தது. வரைந்தவர் என்ன நினைத்து வரைந்தார் என்பதற்கு ஒரு தாள்கூட இல்லை.

இந்தப் பழைய கதையை இப்போது எழுதக் காரணம், தங்கள் குழுவின் சுற்றறிக்கை. இலச்சினையின் கோடுகள் எளிமையாக்கப்படும் என்றும், மூல முத்திரையில் உள்ள "சுடரின் இடப்பிழை" இனி எல்லா வடிவங்களிலும் சரிசெய்யப்படும் என்றும், நூலக விரிவாக்கத்துக்காகப் படிக்கட்டுச் சுவரின் ஓட்டுச்சில்லு ஓவியம் அகற்றப்படும் என்றும் அதில் கண்டிருக்கிறது. கோடுகளை எளிமையாக்குவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. பிழை என்று நீங்கள் முடிவு செய்துவிட்ட ஒன்றையும், இடைஞ்சல் என்று முடிவு செய்துவிட்ட மற்றொன்றையும் இதுவரை எவரும் படித்துப் பார்க்கவில்லை என்பதே என் முறையீடு. அழிப்பதற்கு முன் படியுங்கள்; படித்ததை எழுதி வையுங்கள். இம்மடல் கேட்பது அவ்வளவே. ஆனால் அது ஏன் சிறிய வேண்டுகோள் அன்று என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறைபொருள் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது இரகசியச் சங்கங்களும், முக்கோணத்துக்குள் இருக்கும் கண்ணும், அவற்றை வைத்துப் புனையப்படும் மர்மக் கதைகளும்தான். ஓய்வுக்குப் பின் இத்துறையில் கைக்கு வந்ததையெல்லாம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பல்கலைக்கழகச் சின்னங்களில் வேண்டுமென்றே ஒளித்து வைக்கப்பட்டவை மிகக் குறைவு. பெரும்பாலானவை ஒரு காலத்தில் பட்டப்பகலாகத் தெரிந்திருந்து, சொல்லி வைப்பார் இல்லாமையால் இருண்டு போனவை. ஆக்ஸ்ஃபோர்டு இலச்சினையின் திறந்த புத்தகத்தில் தொங்கும் ஏழு முத்திரைகள் விவிலியத்தின் இறுதி நூலில் வரும் ஏழு முத்திரைகளா, இடைக்காலத்தில் கற்பிக்கப்பட்ட ஏழு கலைகளா என்பதற்கு இன்று ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. முதலில் வரைந்தவருக்கு அது புதிராக இருந்திருக்க வாய்ப்பில்லை.

பீக்கிங் பல்கலைக்கழகத்தின் இலச்சினையை எடுத்துக்கொள்வோம். 1917ஆம் ஆண்டு அதன் தலைவராக இருந்த சாய் யுவான்பெய் கேட்டுக்கொண்டதன்பேரில் அதை வரைந்தவர் எழுத்தாளர் லூ சுன். பார்ப்பதற்குப் பழைய முத்திரை எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய இரண்டே சீன எழுத்துகள்: மேலே "வடக்கு", கீழே "பெரிய". பல்கலைக்கழகத்தின் பெயர்ச் சுருக்கம், வேறொன்றும் இல்லை. ஆனால் "வடக்கு" என்ற எழுத்து ஆதியில் முதுகோடு முதுகாக நிற்கும் இரு மனிதர்களின் உருவம். "பெரிய" என்பது கைகால் விரித்து நிற்கும் ஒரு மனிதன். ஆக, கீழே ஒருவன் இருவரைத் தோளில் தாங்கி நிற்கிறான். மூன்று பேர் சேர்ந்தால் மக்கள் திரள் என்பது அம்மொழி எழுத்திலேயே உள்ள கருத்து. கற்றவன் தோளில் பாரம் உண்டு என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு பெயர்ச் சுருக்கத்துக்குள் இத்தனையும் அடங்கியது வரைந்தவரின் நுட்பம். அது இன்றும் படிக்கப்படுகிறது என்றால், அதைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக அங்கே எழுதியும் பேசியும் வந்திருக்கிறார்கள் என்பதால்தான். நம்முடையதை யாரும் எழுதவில்லை. வேறுபாடு அவ்வளவே.

சின்னத்தோடு சேர்ந்து வரும் குறிக்கோள் வாசகத்துக்கும் இதே கதிதான். 1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலத்தீன் வாசகத்தை, "கல்வி உள்ளார்ந்த ஆற்றலை வளர்க்கிறது" என்று தமிழில் சொல்லலாம். எவருக்கும் மறுப்பு இருக்க முடியாத, அதனாலேயே எவரும் நின்று படிக்காத வாசகம். ஆனால் அது உரோமானியக் கவிஞர் ஹோரஸின் ஒரு பாடலிலிருந்து எடுத்த அடி. அந்தப் பாடல் பேரரசர் அகஸ்டஸின் மனைவியின் மகன் ஆல்ப்ஸ் மலைக் குடிகளை வென்றதைப் போற்றுவது. ஒரு பேரரசு தன் ஆட்சிக்குட்பட்ட நாட்டில் கல்விக்கூடம் நிறுவியபோது, வேறொரு பேரரசின் வெற்றிப் பாட்டிலிருந்து வாசகம் வந்து அமர்ந்தது என்பதை நினைத்தால் சற்றுத் திடுக்கிடத்தான் செய்கிறது. அதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று. கவிஞர் முந்தைய அடிகளில் வீரர்கள் வீரர்களுக்கே பிறக்கிறார்கள், கழுகு புறாவைப் பெறுவதில்லை என்று பிறப்பின் பெருமையைப் பாடிவிட்டு, "ஆனால்" என்ற ஒரு சொல்லை இட்டு, அந்தப் பிறவி ஆற்றலைக் கல்விதான் வளர்க்கிறது என்று திரும்புகிறார். இலச்சினையில் ஏறியபோது அந்த "ஆனால்" உதிர்ந்துவிட்டது. பிறப்பா, படிப்பா என்ற பழைய வழக்கின் நடுவிலிருந்து பிடுங்கிய வரி அது என்பதற்கான ஒரே தடயம் அந்தச் சொல்தான். பிறப்பைச் சொல்லி எத்தனையோ பேருக்குக் கல்வி மறுக்கப்பட்ட சமூகத்தில், அந்த ஒரு சொல் நின்றிருந்தால் வாசகம் எவ்வளவு காரமாக ஒலித்திருக்கும்! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வாசகம் "மெய்ப்பொருள் காண்பது அறிவு" என்பது. அதன் முன்பாதி எழுதப்படவே இல்லை. எழுதாமலே யார் சொன்னாலும் என்ற அந்தப் பகுதி தமிழ் படித்தவர் காதில் கேட்டுவிடுகிறது. சொல்லாமல் விட்டது கேட்க வேண்டுமானால், கேட்பவருக்கு மூலம் தெரிந்திருக்க வேண்டும். இலத்தீனுக்கு நம்மிடையே அந்தக் காது இல்லை.

இதுவரை சொன்னவை இன்பமான கண்டுபிடிப்புகள். எல்லாம் அப்படி அமைவதில்லை என்பதையும், படிக்காமல் விடுவதன் விலை என்ன என்பதையும் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் கேடயம் காட்டுகிறது. அதில் மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகள் இருந்தன. பார்ப்பவருக்கு விளைச்சல், உழைப்பின் பயன், கல்வி அறுவடை என்று எதுவும் தோன்றலாம். தோன்றியும் இருக்கும். பல்கலைக்கழகத்தின் முந்நூறாம் ஆண்டையொட்டி 1936இல் உருவான அந்தக் கேடயத்தின் கதிர்கள், அங்கே முதல் சட்டப் பேராசிரியர் பதவிக்குக் கொடையளித்த ஐசக் ராயல் என்பவரின் குடும்பச் சின்னம். அக்குடும்பத்தின் செல்வம் ஆன்டிகுவா தீவின் கரும்புத் தோட்டங்களிலும் மாசசூசெட்ஸிலும் அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களின் உழைப்பில் சேர்ந்தது. சுமார் 80 ஆண்டுகள் அந்தக் கேடயம் சான்றிதழிலும் சுவரிலும் சட்டைப் பொத்தானிலும் இருந்தது. 2015இல் மாணவர்கள் இயக்கமாகத் திரண்டு எதிர்த்தார்கள். 2016இல் கேடயம் கைவிடப்பட்டது. 2021இல் கதிர்கள் இல்லாத புதியது வந்தது.

இந்த நிகழ்வில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது மாணவர்களின் வெற்றியைக்கூட அன்று. கேடயத்தைக் கைவிடலாம் என்று பரிந்துரைத்த குழுவிலேயே வரலாற்றாசிரியர் அனெட் கார்டன்-ரீட் மாறுபட்ட கருத்தை எழுத்தில் பதிவு செய்தார். அடிமை முறையின் வரலாற்றை ஆய்ந்த கறுப்பினப் பெண் அவர். கதிர்கள் இருக்கட்டும் என்றார். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர்களின் உழைப்பு நினைவுக்கு வரட்டும், அகற்றிவிட்டால் நினைவும் அகன்றுவிடும் என்பது அவர் வாதம். நான் அந்தக் குழுவில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் கையெழுத்திட்டிருப்பேன் என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்றாடம் அந்தச் சின்னத்தை அணிந்து நடக்க வேண்டிய மாணவரின் நெஞ்சு ஒன்று சொல்கிறது. மறதியைக் கண்டு அஞ்சுபவரின் அறிவு வேறொன்று சொல்கிறது. ஆனால் இரு தரப்பும் கதிர்களின் பொருளைப் படித்த பிறகு வாதிட்டார்கள். பள்ளி வளாகத்தில் அந்த அடிமை மக்களின் உழைப்பை நினைவுகூரும் கல்லும் 2017இல் நிறுவப்பட்டது. சின்னம் போனாலும் அதன் பொருள் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். நாம் செய்யவிருப்பது இதற்கு நேர் எதிரானது: என்ன பொருள் என்றே அறியாமல் மாற்றப்போகிறோம்.

இனி வளாகக் கலைக்கு வருகிறேன். கோடுகளின் பொருளை நிறுவனம் முடிவு செய்யலாம். சுவரில் தீட்டிய ஓவியம் அத்தனை எளிதில் கட்டுப்படுவதில்லை. வியன்னாப் பல்கலைக்கழகத்தின் பெருமண்டப விதானத்துக்கு மெய்யியல், மருத்துவம், சட்டம் ஆகியவற்றைக் குறிக்கும் ஓவியங்கள் வேண்டும் என்று 1894இல் ஓவியர் குஸ்தவ் கிளிம்ட்டிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. இருளை ஒளி வெல்வது என்பது விதானத்துக்குக் கொடுக்கப்பட்ட கருப்பொருள். அவர் தீட்டிய மெய்யியலில் மனித உடல்கள் கண் மூடியும் தலை கவிழ்ந்தும் வெளியில் மிதந்தன. வெற்றி எதையும் காணோம். 1900இல் 87 பேராசிரியர்கள் கையெழுத்திட்டு எதிர்ப்பு மனு அளித்தார்கள். அடுத்து வந்த மருத்துவத்தில் நலத்தின் தெய்வம் மனிதக் கூட்டத்துக்கு முதுகு காட்டி நிற்க, கூட்டத்தின் நடுவே எலும்புக்கூடு தெரிந்தது. 1905இல் கிளிம்ட் முன்பணத்தைத் திருப்பித் தந்து படங்களைத் தம்மோடு கொண்டுபோனார். 1945இல் இம்மெண்டார்ஃப் கோட்டையில் மூண்ட தீயில் அவை எரிந்தன. எஞ்சியவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்.

அந்த 87 பேரை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. அவர்கள் அந்த ஓவியத்தை முழுவதும் படித்தார்கள். தம் துறையைப் பற்றி அது சொன்னது பிடிக்கவில்லை என்று பெயர் எழுதிச் சொன்னார்கள். மருத்துவத்தால் சாவை வெல்ல முடியாது என்று ஒரு மருத்துவப் பள்ளியின் தலைக்கு மேலே எழுதி வைப்பது அவமதிப்பா, அடக்கத்தைக் கற்பிப்பதா என்பது வாதிடத்தக்க கேள்வியே. நம் படிக்கட்டு ஓவியத்துக்கு அப்படி ஓர் எதிர்ப்பு மனு வந்திருந்தால்கூட நான் மகிழ்ந்திருப்பேன். அதற்கு எதிரி இல்லை. விரிவாக்கத்துக்கான வரைபடம் மட்டுமே இருக்கிறது.

வளாகத்தையே படிக்கத்தக்க நூலாக அமைத்த இடமும் உண்டு. மெக்சிகோவின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்துக்கு 1921இல் ஹொசே வாஸ்கான்செலோஸ் தந்த இலச்சினையில், மெக்சிகோவின் கழுகும் ஆண்டீஸ் மலையின் காண்டார் கழுகும் இரு பக்கமும் நின்று இலத்தீன் அமெரிக்கா முழுவதன் வரைபடத்தைக் காக்கின்றன. ஒரு நாட்டின் பல்கலைக்கழகம் தன் கேடயத்தில் ஒரு கண்டத்தையே வரைந்துகொண்டது. 1950களின் தொடக்கத்தில் ஓவியர் ஹுவான் ஓ'கோர்மன் அதன் மைய நூலகத்தின் நான்கு புறச் சுவர்களையும் ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர் பரப்புக்குக் கற்சில்லுகளால் மூடினார். சாயம் பூசாமல், நாட்டின் பல பகுதிகளிலிருந்து தேடிக் கொணர்ந்த இயற்கை வண்ணக் கற்களையே பதித்தார். வடக்குச் சுவரில் ஐரோப்பியர் வருகைக்கு முந்தைய உலகம். தெற்கில் காலனி ஆட்சிக் காலம், அதன் இரு புறமும் பூமியை நடுவில் வைத்த தாலமியின் அண்டமும் சூரியனை நடுவில் வைத்த கோப்பர்நிக்கசின் அண்டமும். திசை மாறினால் காலம் மாறும். அருகிலுள்ள நிர்வாகக் கோபுரத்தில் ஓவியர் சிகேரோஸ் தீட்டிய சுவரோவியத்தில் நாட்டின் திருப்புமுனை ஆண்டுகள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன: 1520, 1810, 1857, 1910. அதன்பின் 19 என்று எழுதி இரண்டு கேள்விக்குறிகள். அடுத்த புரட்சியின் ஆண்டை நிரப்பும் வேலை மாணவர்களுக்கு விடப்பட்டிருக்கிறது. துணைவேந்தர் அலுவலகம் இருக்கும் கட்டடத்தின் சுவரில் இப்படி எழுத அனுமதித்தவர்களின் துணிவை எண்ணி நான் வியந்ததுண்டு. நூற்றாண்டு முடிந்துவிட்டது, கேள்விக்குறிகள் அப்படியே நிற்கின்றன.

நிறுவனம் வாய் திறக்காத இடத்தில் வதந்தி பேசும் என்பதையும் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் விர்ஜினியோ ஃபெராரி 1971இல் வடித்த வெண்கலச் சிற்பத்தின் பெயர் "உரையாடல்" என்று பொருள்படும். மாணவர்கள் அதைப் பற்றிச் சொல்லும் கதையில் உரையாடலுக்கு இடமில்லை. மே முதல் நாள் நண்பகலில் அதன் நிழல் அரிவாளும் சுத்தியலுமாக விழும் என்பது அக்கதை. ஸ்பெயின் நாட்டுச் சலமான்காவின் பழைய பல்கலைக்கழக முகப்பில், செதுக்கிய கல்லின் நெரிசலுக்குள் ஒரு மண்டையோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் தவளையைத் தாமாகக் கண்டுபிடிக்கும் மாணவர் தேர்ச்சி பெறுவார் என்பது நம்பிக்கை. அந்தத் தவளை அங்கே ஏன் உட்கார்ந்தது என்பதற்கு இச்சைக்கு எதிரான எச்சரிக்கை, இளவரசர் ஒருவரின் சாவு என்று விளக்கங்கள் பல. கொலம்பியா பல்கலைக்கழகப் படிகளில் 1903 முதல் அமர்ந்திருக்கும் கல்வி அன்னை சிலையின் ஆடை மடிப்புக்குள் டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்சு ஓர் ஆந்தையை ஒளித்து வைத்தார். இது சிற்பியே செய்த விளையாட்டு. இவற்றுள் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். தேடிப் பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஆந்தை என்பது படிப்புக்கு நல்ல உவமைதான். நம் படிக்கட்டுச் சுவருக்கும் ஒரு வதந்தி உண்டு. வலக்கோடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் உருவம், கூலி கிடைக்காமல் போன ஒப்பந்தக்காரர் என்பார்கள். அந்தப் படியில் நின்றால் உதவித்தொகை வராது என்று அதைத் தாண்டிக் குதிக்கும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

உண்மை வேறு என்று எனக்குத் தெரிய வந்ததும் சான்றிதழ்ப் பிரிவின் சாளரத்தில்தான். பேத்தியின் பட்டச் சான்றிதழை வாங்க அவளோடு வந்த ஒரு முதியவர், நூலகப் படிக்கட்டைப் பார்க்க அனுமதி கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் அழைத்துப் போனேன். சுவரைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றவர், கல் சுமக்கும் உருவங்களை ஒவ்வொன்றாகச் சுட்டிப் பெயர் சொன்னார். நூலகம் கட்டியபோது அவர் சித்தாளாக இருந்தவர். ஓவியர் மதிய உணவு வேளையில் வேலையாட்களை உட்கார வைத்து முகம் வரைந்துகொண்டு, பிறகு உடைந்த தரை ஓடுகளைக் கொண்டு அந்த முகங்களையே சுவரில் பதித்தாராம். முகம் திருப்பி நிற்பவர் அவர்களுடைய மேஸ்திரி. "படம் எழுதினா ஆயுசு கொறையும்னு அவரு மூஞ்சியக் காட்ட மாட்டேன்னுட்டாருங்க, அதனால முதுக எழுதினாங்க" என்றார். நூலகத்தைக் கட்டிய, அந்த நூலகத்தில் ஒரு நாளும் புத்தகம் எடுத்திராத பதினோரு பேரின் உருவங்கள் அவை. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் அவர்களைக் கடந்து மேலே ஏறிப் படிக்கப் போகிறார்கள். அதைவிடப் பொருத்தமான இடத்தில் அந்த ஓவியத்தை வேறு எங்கும் வைத்திருக்க முடியாது என்பது என் எண்ணம். அவர் சொன்ன பெயர்களை அன்றே ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். கோப்பில் சேர்க்கும்படி குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். "பார்வையிடப்பட்டது" என்ற கையொப்பத்தோடு அது திரும்பி வந்தது.

கலை இடைஞ்சல் என்ற எண்ணத்தைக் குறித்து ஒரு செய்தி. வெனிசுலாவின் கராகஸ் நகரிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் வில்லனுவேவா, அதன் பெருமண்டபத்துக்கு 1950களில் சிற்பி அலெக்சாண்டர் கால்டரை அழைத்தார். விதானத்திலும் பக்கச் சுவர்களிலும் வண்ண மேகங்கள் போல மிதக்கும் பலகைகளை அவர் அமைத்தார். ஒலியியல் பொறியாளர்களோடு சேர்ந்து வகுத்தவை அவை. மேடையில் எழும் ஒலியைச் சீராக அவையோருக்குத் திருப்பி அனுப்பும் வேலையை அந்த மேகங்களே செய்கின்றன. அவற்றை அலங்காரம் என்று கழற்றினால் மண்டபத்தின் காதே போய்விடும். நம் படிக்கட்டுச் சுவர் ஒலியைத் திருப்பாது; ஆனால் கட்டடத்தின் உறுப்பு என்பதில் அதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. விரிவாக்க வரைபடத்தில் புதிய வாயிலைச் சற்றே நகர்த்தினால் சுவர் தப்பும் என்று பொறியியல் பிரிவில் இருப்பவர்களே சொல்கிறார்கள்.

மறுவடிவமைப்புக்குக் கூறப்படும் காரணம், கைபேசித் திரையின் சிறு வட்டத்தில் பழைய இலச்சினை தெளிவாகத் தெரிவதில்லை என்பது. நியாயமான காரணம்தான். ஆனால் திரைக்கு ஓர் எளிய குறி, பட்டத்துக்கு மூல முத்திரை என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளத் தடையில்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 2012இல் அப்படித்தான் செய்ய முனைந்தது; பழைய முத்திரையை விலக்காமல் கூடுதலாக ஒரு நவீனக் குறியை வெளியிட்டது. இருந்தும் 50,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்க்கவே, சில வாரங்களில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. முத்திரையில் விரித்த புத்தகத்தின் பக்கத்தில் ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்து ஒன்று மட்டும் பொறித்திருக்கும். படிப்பின் தொடக்கம் என்று பொருள். புதிய குறியில் அப்படிப் படிக்க எதுவும் இருக்கவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமோ 1864இல் ஏற்ற முத்திரையை, பட்டறைக் கல்லருகே நிற்கும் தொழிலாளியும் புத்தகம் ஏந்திய அறிஞரும் சரிசமமாக நிற்கும் அந்தப் பழைய வடிவை, இன்றும் தன் பட்டங்களில் வைத்திருக்கிறது. அன்றாடப் பயனுக்கு வெறும் கோடுகளாலான எளிய குறி. ஒன்றால் மற்றொன்றுக்கு எந்தக் கேடும் வரவில்லை.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது: புதிய வடிவத்துக்கு ஒப்புதல் அளிக்கும் முன், மூல முத்திரையில் என்ன இருக்கிறது, பின்வந்த வடிவங்களில் எது எங்கே மாறியது என்று ஒரு சிறு குழு ஆராய்ந்து எழுதட்டும். அக்குழுவில் வடிவமைப்பு நிறுவனத்தார் மட்டும் இருந்தால் போதாது. வரலாற்றுத் துறையினரும், நூலகரும், முத்திரையைக் கையாண்ட ஊழியர் ஒருவரும், மாணவர் சிலரும் இருக்க வேண்டும். கிடைத்த விளக்கங்களுள் எது ஆவணச் சான்றுடையது, எது செவிவழிச் செய்தி, எது ஊகம் என்று பிரித்து எழுத வேண்டும். கெட்ட செய்தி ஏதேனும் வெளிப்பட்டால் அதையும் எழுத வேண்டும். இலச்சினைக்கு யார் பணம் தந்தார், எதற்காகத் தந்தார் என்பது உட்பட. படிக்கட்டுச் சுவரை எவ்வகையிலும் காக்க இயலாது என்று முடிவானால், இடிப்பதற்கு முன் ஒவ்வொரு உருவத்தையும் முழு அளவில் படம் எடுத்து, அந்தப் பதினோரு பேரின் பெயரோடு புதிய சுவரில் பதிக்க வேண்டும். பெயர்கள் என்னிடம் உள்ளன. சரிபார்க்க வேண்டியவர்கள் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

சுடரைப் பற்றி என் சொந்தப் படிப்பையும் சொல்லிவிடுகிறேன்; சான்று இல்லாதது, ஊகம் என்றே கொள்ளுங்கள். புத்தகத்தில் தீ எழுகிறது. அதன் பக்கத்தில் திரியில்லாத விளக்கு இருக்கிறது. அந்த விளக்கு பல்கலைக்கழகம் அன்று, இங்கே வந்து சேரும் மாணவர். திரியை அவர் கொண்டுவர வேண்டும். அன்று சாளரத்தில் கேட்ட மாணவிக்கு இதைச் சொல்ல அப்போது எனக்குத் தெரியவில்லை. "பழைய அச்சு, தேய்ந்துபோயிருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அச்சு தேயவில்லை. ஆவண அறையில் உள்நோக்கிய சுவரோரமுள்ள இரும்பு அலமாரியின் அடித்தட்டில், ஒரு காலண்டர் தாளில் சுற்றி நான் வைத்தபடியே இருக்க வேண்டும். பயன்பாடற்ற தளவாடங்களை ஏலம் விடும் பட்டியலில் அந்த அலமாரியும் உள்ளதாக அறிகிறேன். ஏலத்துக்கு முன் அதைத் திறந்து, அச்சை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் ஒரே ஒரு முறை அழுத்திப் பாருங்கள். கைப்பிடி சற்று இறுகியிருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சான்றிதழ்ப் பிரிவின் முன்னாள் கண்காணிப்பாளர்